பேக்கப் அண்ணனும் நீலப் பொத்தான்களும்

பினாங்குத் தீவில் இதுவரை பிறந்து வளர்ந்து, தே தாரிக் என்னும் இழுத்து ஆற்றிய தேநீர் குடித்த அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து, "உங்களில் ரொம்பப் பயப்படுகிறவர் யார்? முன்னால் வாருங்கள்" என்று கூப்பிட்டால், பேக்கப் அண்ணன் வரமாட்டார். முன்னால் வரப் பயப்படுவார். ஆனால் மற்ற எல்லாரும் திரும்பி அவரைத்தான் கைகாட்டுவார்கள்.

அவருக்கென்று அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எதிலும் ஒன்றுக்கு இரண்டு வைத்திருப்பதால் பேக்கப் அண்ணன் ஆனார். இடுப்பில் பெல்ட் கட்டியிருப்பார், அது அறுந்துவிட்டால் என்று பையில் ஒரு கயிறும் இருக்கும். கையில் ஒரு குடை. அது தொலைந்தால் என்று ஆபிசில் ஒரு குடை. ஆபிசு பூட்டியிருந்தால் என்று கீழே நாசி கண்டார் சோற்றுக் கடையில் ஒரு குடை. கடையும் மூடியிருந்தால் என்ன செய்வது என்ற கவலையில்தான் அவருக்குத் தலை நரைத்தது என்பது என் கணிப்பு.

நான் சொல்வது தொண்ணூறுகளின் கடைசி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. நடத்தியவர் மங்களா அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி, அதாவது குமாஸ்தா வேலைக்கு வந்த தாத்தா, கிராணி அப்பா, கிராணி அண்ணன் என்று பேனாவும் கையுமாக இருந்த குடும்பத்தில், அரசாங்க வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்த முதல் ஆள் அவர்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் இருந்த அவருடைய அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, "எப்போ மூடப் போற?" என்று நலம் விசாரிப்பார். நான் அங்கே டைப்பிங் டீச்சரம்மா. அக்கா 'தம்பி' என்று கூப்பிடும் பேக்கப் அண்ணன் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார், பயந்துகொண்டே.

பயம் இருக்கிறதே, அது கண்வலி மாதிரி ஒட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்தபோது நான் நல்ல தைரியசாலி. கொஞ்ச நாளில், அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பும் அளவுக்கு வந்துவிட்டேன். எல்லாம் அண்ணன் கைங்கரியம்.

அந்தக் காலத்தில் திருட்டு சாஃப்ட்வேர் வைத்திருக்கும் இடங்களுக்கு அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் வகுப்பில் இருந்தவையும் நேர்மையான வழியில் வந்தவை அல்ல, ஊரோடு ஒத்துப் போயிருந்தோம். ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர், கக்கத்தில் ஃபைலுடன் மாடிப்படி ஏறுவதை அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அடுத்த நொடி மெயின் சுவிட்சை இறக்கினார். திருட்டு வட்டுகள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்படி வழியாக இறங்கி, நாசி கண்டார் கடையின் அரிசித் தவலைக்குள் அதைப் புதைத்துவிட்டு, மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர்களில் ஒருவர் தன் மகளை வகுப்பில் சேர்க்க வந்தவர். மற்றவர் அவருடைய மச்சான். ஃபைலில் இருந்தது பிள்ளையின் பிறப்புப் பத்திரம். வகுப்பே இருட்டில் கிடப்பதைப் பார்த்து, "கரண்ட் பில் கட்டலையா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. கீழே கடைக்காரப் பாய் அரிசியைக் களைந்துகொண்டே, "அண்ணே, உங்க பயம் என் சோத்துல வந்து விழுதுலா" என்று அலுத்துக்கொண்டார்.

அன்று முடிவு செய்தார் அண்ணன். "அக்கா, இனிமே நமக்கு லினக்ஸ்தான்."

லினக்ஸ் என்றால் உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதிய இயங்குதளம். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் கொள்கைக்காக அதற்கு மாறினார்கள் என்று பின்னாளில் படித்தேன். பயத்துக்காக மாறிய ஒரே ஆபிசு எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

மாறிய பிறகு சோதனைப் பயம் போனது. அந்த இடத்துக்கு வேறு பயங்கள் வந்து குடியேறின. கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் கேட்க இந்த ஊரில் ஆளில்லை. அதற்குள் எதிர்த்த தெருவில் குளுகுளு வசதியோடு ஒரு பெரிய கல்லூரி திறந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே போகத் தொடங்கினார்கள். அக்காவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

அந்த நேரத்தில்தான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. லைனில் வேலை செய்யும் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தர ஆள் தேடுகிறார்களாம். வந்து பாடத்தைப் படம் போட்டுக் காட்டுங்கள், பிடித்திருந்தால் வேலை உங்களுக்கு என்றார்கள். அக்கா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இது கெடைச்சா நாம இருப்போம். கெடைக்கலன்னா தீபாவளியோட மூடிடலாம். எனக்கு அதுக்கு மேல இழுத்துப் பிடிக்க முடியாது தம்பி. எங்க அண்ணன் வீட்டுல போய் உக்காந்துக்கறேன்."

சொன்னபோது அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அண்ணன் வீட்டில் போய் உட்கார்வது என்றால் ஆயுள் முழுக்க "நான் அப்பவே சொன்னேன்ல" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவது. அக்காவுக்கு அதற்குப் பட்டினியே மேல் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

படம் போட்டுக் காட்ட, சிங்கப்பூரிலிருந்து யாரோ கைமாற்றிய பழைய லேப்டாப் ஒன்றை அக்கா வாங்கிவந்தார். அண்ணன் அதில் லினக்ஸை ஏற்றினார். ஏறியது. கூடவே எங்கள் தலைமேல் சனியும் ஏறியது.

லேப்டாப் கீபோர்டின் மேல்வரிசையைப் பார்த்திருப்பீர்கள். எஃப் ஒன்று, எஃப் இரண்டு என்று போகும் பொத்தான்களில் நீல நிறத்தில் குட்டிக் குட்டிப் படங்கள் இருக்கும். சூரியன் இருந்தால் வெளிச்சம். ஒலிபெருக்கி இருந்தால் சத்தம். நிலா இருந்தால் தூக்கம். இரண்டு திரை வரைந்திருந்தால், லேப்டாப்பில் தெரிவதைப் புரொஜெக்டருக்கு அனுப்புவது. கீழே இடது பக்கம் நீல எழுத்தில் எஃப்.என். என்று ஒரு பொத்தான். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே உள்ளதை அழுத்தினால் அந்தந்த வேலை நடக்க வேண்டும். எங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் ஏறியதும் ஒன்றுமே நடக்கவில்லை.

வெளிச்சம் அடிமட்டத்தில் நின்றுவிட்டது. சத்தம் உச்சத்தில் நின்றுவிட்டது. காலையில் அதை உயிர்ப்பித்தால் அது போடும் 'பீப்'பில் பள்ளிவாசல் புறாக்கள் மொத்தமும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காரும். திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்க, அண்ணன் தன் மழைக்கோட்டைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அதற்குள் உட்கார்ந்திருப்பார். புதிதாக வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு வகுப்பில் சேராமலே போனதும் உண்டு. அதெல்லாம் போகட்டும். இரண்டு திரைப் பொத்தான் வேலை செய்யாவிட்டால் புரொஜெக்டரில் படம் வராது. படம் வராவிட்டால் வேலை வராது. வேலை வராவிட்டால் அக்கா புக்கிட் மெர்தாஜாமுக்குப் போக வேண்டும்.

"பழையபடி திருட்டு வட்டையே போட்டுடலாமே அண்ணே, ஒரு நாளைக்கு மட்டும்?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"மேனேஜருங்க முன்னாடியா? அங்கயே கதவைச் சாத்தி ஆளைக் கூப்பிட்டுருவாங்கம்மா!" அவர் கை அப்போதே விலங்கு மாட்டியது போல ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது.

ஆக, அந்தப் பொத்தான்களை அவரே சரிசெய்யக் கிளம்பினார். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன எண் உள்ளே போகிறது என்று காட்டும் கட்டளை ஒன்று லினக்ஸில் உண்டு. ஒவ்வொன்றாக அழுத்தினார். நீலப் பொத்தான்களுக்கு மட்டும், இது எனக்குத் தெரியாத பொத்தான் என்று கம்ப்யூட்டர் சொன்னது.

"அதுக்கும் தெரியலையாம், எனக்கும் தெரியலை. யாரைப் போய்க் கேக்கறது தங்கச்சி?"

தெரிந்தவர்களிடம்தான். இன்டர்நெட்டில் லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. அண்ணன் அதில் கேள்வி அனுப்பினார். கேள்வி ஒரு வரிதான். அதற்கு முன்னால் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி, பின்னால் பதில் சொல்லாவிட்டாலும் வருத்தமில்லை என்று ஒரு பத்தி. ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து ஒருவர் பதில் போட்டார். இந்தச் சிப்பில் இந்த இடத்தில் எண்ணை மாற்றினால் படம் வெளித்திரைக்குப் போகும், ஆனால் உங்கள் மாடலுக்கு எந்த எண் என்று எனக்குத் தெரியாது, சும்மா போட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

"சும்மாவாம்!" அண்ணனுக்கு உதடு துடித்தது. "சும்மா போட்டுப் பாக்கணுமாம்! அவன் லேப்டாப்பா இது?"

பயப்படவும் காரணம் இருந்தது. திரைக்குத் தவறான எண்ணைக் கொடுத்தால் திரையே பழுதாகிவிடலாம் என்று விளக்கக் குறிப்பில் எச்சரிக்கை போட்டிருந்தார்கள். அண்ணன் அதைப் படித்துவிட்டு, 'பழுதாகலாம்' என்பதை 'தீப்பிடிக்கும்' என்றும், 'தீப்பிடிக்கும்' என்பதைச் 'சந்தே எரியும்' என்றும் மனத்துக்குள் விரிவுபடுத்திக்கொண்டார். மறுநாள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் வந்து உட்கார்ந்தது.

அதிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. புதிய எண்ணைத் தட்டி முடித்ததும் அண்ணன் எழுந்து நின்று, கல்லுடைக்கும் இடத்தில் வெடி வைக்கிறவர்போல உரக்கக் குரல் கொடுப்பார்.

"போடப் போறேன்!"

உடனே நாங்கள் எல்லாரும் எழுந்து வெளியேறிவிட வேண்டும். அக்கா, நான், டைப்பிங் பிள்ளைகள், யார் இருந்தாலும் சரி. படியிறங்கிப் பாய் கடையில் போய் நிற்போம். அண்ணன் மட்டும் உள்ளே தனியாக நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி என்டரை அழுத்துவார். "ஒண்ணும் ஆகலை!" என்று குரல் வந்த பிறகுதான் மேலே போவோம். பாய்க்கு எங்களால் நல்ல வியாபாரம். எங்கள் செருப்புச் சத்தம் படியில் கேட்டாலே, "அண்ணன் போடுறாரா?" என்று கேட்டு தே இழுக்க ஆரம்பித்துவிடுவார்.

சிரிப்பாக இருக்கிறதல்லவா? கீழே நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. மேலே மாடியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அக்கா கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் "ஒண்ணும் ஆகலை" என்ற குரல் வரவே இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். லேப்டாப் கறுத்துப் போயிருந்தது. அண்ணன் சுவரோரம் குந்தியிருந்தார்.

"செத்துப் போச்சும்மா. நிலாவை அழுத்திட்டேன்."

நிலா என்றால் தூக்கம். தூங்கவைக்கும் பொத்தான் வேலை செய்துவிட்டது, எழுப்பும் வழிதான் தெரியவில்லை. அக்கா மேலே வந்து, கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப்பைக் குப்புறப் போட்டு பேட்டரியைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். 'பீப்' என்றது. புறாக்கள் எழும்பின. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருப்பதாக வேண்டிக்கொண்டார்.

இப்படியே எரிந்துவிடும் எரிந்துவிடும் என்று நடுங்கி நடுங்கி, ஒரு மத்தியானம் அது நடந்தது. "போடப் போறேன்" கேட்டு இறங்கினோம். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து, "அக்கா! அக்கா! சுவத்துல!" என்று சத்தம். தீதான் என்று நினைத்து நான் பாயின் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் இரவல் புரொஜெக்டரிலிருந்து சுவர் முழுக்க வெளிச்சம், நடுவில் அக்கா எழுதிய பாடத்தின் முதல் பக்கம். எஃப்.என். பொத்தானையும் இரண்டு திரைப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் படம் சுவருக்குப் போனது, மறுபடி அழுத்தினால் திரும்பி வந்தது. சூரியனும் கேட்டது, ஒலிபெருக்கியும் கேட்டது. அக்கா அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அண்ணன் எழுதிய அந்தச் சின்னப் புரோகிராமை உடனே ஃப்ளாப்பிகளில் ஏற்றி, ஒன்றை என்னிடமும், ஒன்றை அக்காவின் கைப்பையிலும், ஒன்றைப் பாய் கடையிலும், ஒன்றைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னாலும் வைத்தார்.

தொழிற்சாலைக்குப் போகும் நாளை அக்காதான் தேர்ந்தெடுத்தார். விஜயதசமி. புதுக் காரியம் தொடங்க அதைவிட நல்ல நாள் உண்டா? அதற்கு முதல்நாள் ஆயுத பூசை. கம்ப்யூட்டர்களைத் துடைத்து, வரிசையாக வைத்து, பூப்போட்டு, அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். மற்றவற்றுக்கெல்லாம் நெற்றியில், அதாவது திரைக்கு மேலே ஒரு பொட்டு. லேப்டாப்பிடம் வந்ததும் நின்றார். அதைத் திறந்தார். எந்தப் பொத்தான்களுக்காகத் தம்பி இத்தனை நாள் உயிரைவிட்டானோ, அந்த நீலப் பொத்தான்களுக்கே ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். எஃப்.என். பொத்தானுக்கு மட்டும் கையில் மிச்சமிருந்ததையெல்லாம் வழித்து, தாராளமாக.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குச் சாமியிடம் இருந்த பயம் மற்ற பயங்களையெல்லாம் மிஞ்சியது. வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்கு வழக்கம் தெரியும். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. புத்தகம் வைத்தால் படிக்கக்கூடாது, கத்தரிக்கோல் வைத்தால் வெட்டக்கூடாது. வீட்டை விட்டு இறங்குமுன் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கும் மனுஷன், மறுநாள் இத்தனை பேருடைய பிழைப்பையும் சுமக்கப் போகும் லேப்டாப்பைத் தொட்டுப் பார்க்க முடியாமல் அதன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சந்தனம் நிதானமாகக் காய்ந்தது.

காலையில் எடுத்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் அக்கா விடவில்லை. "மொதல்ல அங்க போய், நல்ல நேரத்துல, அவங்க முன்னாடிதான் ஆரம்பிக்கணும் தம்பி. இங்க தொட்டுட்டா நாள் பாத்தது வீணாயிடும்லா."

"ஒரே ஒரு தடவை அழுத்திப் பாத்துடறேனே அக்கா..."

"கெரெத்தாவுல ஏறு!"

ஏறினார். காரின் பின்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்து, அதற்கும் சேர்த்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். வழி முழுக்க அவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. முன்சீட்டில் அக்கா தன் நல்ல பட்டுச்சேலையில், முதுகு சாயாமல் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தார். தோற்றால் அந்தச் சேலையோடுதான் அவர் பாலத்தைத் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது. அப்புறம் வேறு எதுவும் மனத்தில் ஓடவில்லை.

குளிரூட்டிய பெரிய அறை. மேசையைச் சுற்றி மேனேஜர்கள். தலைமை வகித்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சீன அம்மா. மலாயில்தான் பேச்சு நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன். அண்ணன் புரொஜெக்டர் வயரைச் செருகினார். லேப்டாப் 'பீப்' என்று அலறியது. மேனேஜர் ஒருவர் காபியைச் சிந்தினார். பாடம் லேப்டாப் திரையில் வந்து நின்றது. இனி ஒரு பொத்தான்தான் பாக்கி.

அண்ணன் எழுந்து நின்றார். விரலை நீட்டினார். எங்கே இருக்கிறோம் என்பதையே பயத்தில் மறந்துவிட்டார்.

"போடப் போறேன்!"

பழக்கம் என்ன பாடு படுத்துகிறது பாருங்கள். அக்காவும் நானும் சட்டென்று எழுந்து கதவைப் பார்த்து நடந்துவிட்டோம். நாங்கள் போவதைப் பார்த்துக் காபி சிந்திய மேனேஜரும் எழுந்து எங்கள் பின்னால் வந்துவிட்டார். கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தோடு திரும்பினோம். சுவர் வெறும் நீலமாக இருந்தது. படம் வரவில்லை.

அண்ணன் மறுபடி அழுத்தினார். வரவில்லை. மறுபடி. அவர் கழுத்திலிருந்து வியர்வை சட்டைக் காலருக்குள் இறங்கியது. நான் உதவுகிறவள்போல அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் குனிந்து கீபோர்டைக் கிட்டத்தில் பார்த்தார். நானும் பார்த்தேன். எஃப்.என். பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கு முழுக்க மஞ்சளாக, சிமெண்டு பூசியதுபோல, சந்தனம். பொத்தான் கீழே இறங்கவே இல்லை. அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை.

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா மேசையின் அந்தக் கோடியில் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எதையோ சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் அதே சந்தனம்.

"என்ன பிரச்சினை?" என்றார் சீன அம்மா.

எனக்குத் தெரியும், அண்ணனுக்கு உலகத்தில் மிகப் பெரிய பயம் பழிதான். 'யார் செய்தது?' என்ற கேள்வி எங்காவது கிளம்பினால், தான் ஊரிலேயே இல்லை என்பதற்கு அவரிடம் அத்தாட்சி தயாராக இருக்கும். அந்த மனுஷன் கீபோர்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சொன்னார்.

"என் தப்பு மேடம். நான் எழுதின புரோகிராம். சரியாப் பாக்காம கொண்டுவந்துட்டேன்."

குரல் நடுங்கியது. ஆனால் அந்த உள்ளங்கை மட்டும் எஃப்.என். பொத்தானை விட்டு நகரவில்லை. பயந்தாங்கொள்ளி என்று இத்தனை நாள் கேலி செய்த ஆளை அப்போதே கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது.

சீன அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "படம் இருக்கட்டும். ஒன்று கேட்கிறேன். எங்கள் லைன் பெண்கள் கெட்டிக்காரிகள். கம்ப்யூட்டரைக் கண்டால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். தொடவே மாட்டேன் என்கிறார்கள். அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அண்ணன் முந்திக்கொண்டார். அவர் எதிலும் முந்தி நான் பார்த்ததில்லை.

"கெட்டுப்போயிடும்னு பயம் மேடம். கெட்டுப்போனா யார் செஞ்சதுன்னு நீங்க கேப்பீங்களே, அது இன்னும் பெரிய பயம். நான் மொத நாளே அவங்க முன்னாடி ஒரு தப்பு செஞ்சு காட்டுவேன். என் தப்புன்னு சொல்லுவேன், இப்ப சொன்ன மாதிரி. ஒண்ணும் ஆகலைன்னு அவங்க கண்ணால பாக்கட்டும். அப்புறம் கை தானா முன்னால வரும்."

"உங்களுக்கு இப்போது பயமாக இல்லையா?"

"ரொம்பப் பயமா இருக்கு மேடம்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். மேனேஜர்கள் எல்லாரும் எழுந்து வந்து அந்தக் குட்டித் திரையைச் சுற்றி முண்டியடித்து நின்றார்கள். அக்கா பாடத்தை அதிலேயே காட்டினார். முதலில் ஒரு வகுப்பு எடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு வகுப்புக்குப் பின்னால் அடுத்தது வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. தீபாவளிக்கு நாங்கள் மூடவில்லை. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைப் போன் மெல்ல மெல்ல நின்றது.

திரும்பும் வழியெல்லாம் அக்கா அவரைப் பிடிபிடி என்று பிடித்தார். "பூட்டை எத்தனை வாட்டி இழுத்துப் பாப்ப? இன்னிக்குப் போய் இப்படிப் பண்ணலாமா தம்பி? என் உயிரே போயிடுச்சு!"

"ஆமாக்கா. தப்புதான்கா," என்றார் அண்ணன், மடியிலிருந்த லேப்டாப்பைத் தடவிக்கொண்டே. நான் வாயைத் திறந்தேன். அவர் என் காலை மிதித்தார். பலமாகவே மிதித்தார்.

அக்கா இப்போது மகளோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். இந்தப் பத்திரிகை அங்கே போகாது என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். போய்ச் சேர்ந்துவிட்டால், ஐயோ, அண்ணன் என்னை மன்னிக்கவேமாட்டார்.

அடுத்த வருடம் ஆயுத பூசை வந்தது. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தார். லேப்டாப்பைத் திறந்தார். எனக்குப் பகீர் என்றது. "அக்கா, மேல மூடியில வைங்களேன்" என்று பாதி சொல்வதற்குள் அண்ணன் என் கையைக் கிள்ளினார். "அக்கா இஷ்டப்படி வைக்கட்டும்மா." அக்கா சந்தோஷமாக ஒவ்வொரு நீலப் பொத்தானுக்கும் வைத்தார். அண்ணன் கைகட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொட்டுக்கும் கண்ணை ஒருமுறை மூடித் திறந்துகொண்டு, பக்கத்திலேயே நின்றார்.

விஜயதசமி பூசை முடிந்து அக்கா கீழே சாப்பிடப் போனதும், அவர் மேசையில் பழைய துணியை விரித்தார். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பொத்தான்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து வைத்து, ஈரப்பஞ்சால் துடைக்கத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வருஷா வருஷம் இப்படியே உக்காந்து துடைப்பீங்களா? அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன அண்ணே?"

அவர் நிமிரவில்லை. "சொன்னா, அன்னிக்கு என்னாகி இருக்கும்னு நெனச்சு நெனச்சு அக்கா பயப்படுவாங்கம்மா. பயப்படறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு ஆபிசுக்கு ஒரு ஆள் பயந்தா போதாதா?"

நான் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி நனைத்து, சூரியன் படம் போட்ட பொத்தானைக் கையில் எடுத்தேன்.